தரை காயும் வரை

"இந்த போர்டை எப்பம்மா எடுப்பீங்க?" என்று கேட்டார் ஆஸ்பத்திரியை ஆய்வு செய்ய வந்திருந்த அதிகாரி. நான் மூன்றாம் மாடி வராண்டாவில் மாப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். பக்கத்தில் 'ஈரத் தரை, கவனம்' என்று எழுதிய மஞ்சள் பலகை.

"தரை முழுசாக் காஞ்ச பிறகு சார்."

"அதுக்குள்ள யாராவது அவசரமாப் போகணும்னா?"

"ஒரு நேரத்துல பாதி வராண்டாதான் சார் துடைப்போம். மத்த பாதில நடக்கலாம். இது காஞ்சாத்தான் அந்தப் பக்கம் போவோம்."

அவர் கையிலிருந்த தாளில் டிக் அடித்தார். அவருக்குப் பின்னால் எங்கள் மேனேஜர் ராஜமாணிக்கம் சார், பள்ளி ஆண்டு விழாவில் தன் பிள்ளை மேடையேறியதைப் பார்ப்பவர்போலப் பூரித்து நின்றார். நான் ஒப்பித்தது முழுக்க அவர் எழுதிய சார்ட். அதில் ஒன்றைக்கூட நாங்கள் சாதாரண நாளில் செய்வதில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அன்றைக்கு ஒரு நாள் கூத்துக்காக வேறு இடத்திலிருந்து பத்துப் பேரை வேனில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்.

"நல்லா ட்ரெயின் பண்ணியிருக்கீங்க சார். இதையே தினமும் செஞ்சாப் போதும்" என்று சொல்லிவிட்டு அதிகாரி மாடியேறினார்.

இதையே தினமும் செய்தால்!

எனக்கு அங்கேயே சிரிப்பு வந்துவிட்டது. மூன்று வாரமாக நான் மண்டையை உடைத்துக்கொண்டு தேடிய வழியை, சட்டை மடிப்புக் கலையாத ஒரு மனிதர் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறார்.

இதை எழுதச் சொன்னவர்கள் அந்த ஆஸ்பத்திரியில் இப்போது புதிதாகச் சேர்ந்திருக்கும் துப்புரவுப் பெண்கள். "கீழ்த்தளத்துல நமக்குன்னு ரூமு, பெஞ்சு, பாத்ரூம் எல்லாம் இருக்கு. அது எப்படி வந்துச்சுன்னு ஆளுக்கு ஒரு கதை சொல்றாங்க. நீங்க எழுதிக் குடுத்துருங்க" என்றார்கள். இப்படியெல்லாம் எழுதுவது ஓய்வு பெற்றவர்கள் வேலை. எனக்கு இருபத்தேழு வயது. ஆனாலும் நான் துப்புரவு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள்தான். நாலு வருடம் எட்டு மாதம் சர்வீஸ். வழியனுப்பு விழா, மாலை, பிரிவுபசார உரை எதுவும் நடக்கவில்லை. ஆகவே என் உரையை நானே இங்கே நிகழ்த்திக்கொள்கிறேன்.

நான் ஸ்ரீரங்கத்துக்காரி. பி.காம். முடித்ததும் கம்ப்யூட்டர் வேலை என்று சொன்னார்களே என்று ஒரு கான்ட்ராக்ட் கம்பெனிக்குப் போனேன். "ஆபீஸ்ல இடம் காலியாகுற வரைக்கும் சைட்ல இருங்க" என்றார்கள். சைட் என்பது உறையூர்ப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். ஆபீசில் இடம் காலியாகவே இல்லை. பயிற்சி மூன்று நாள். முதல் நாள் மருந்தைத் தண்ணீரில் எவ்வளவு கலப்பது, இரண்டாம் நாள் எந்தக் குப்பை எந்த நிறப் பையில், மூன்றாம் நாள் யூனிஃபார்ம். அவ்வளவுதான். நாலாம் நாள் காலையில் மூன்றாம் மாடி என்னுடையது.

ராஜமாணிக்கம் சாரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். கம்பெனி சார்பில் ஆஸ்பத்திரியில் எங்களை மேற்பார்த்தவர். யாரையும் திட்டியதில்லை. குரலை உயர்த்தியதில்லை. எல்லோரும் அவருக்குத் 'தாயே'தான். சலவை செய்த வெள்ளைக் கைக்குட்டை ஒன்று எப்போதும் பையில் இருக்கும். ரவுண்ட்ஸ் வரும்போது கட்டிலுக்கு அடியில், ஜன்னல் விளிம்பில், கதவின் மேல்சட்டத்தில் அதை ஒரு இழுப்பு இழுப்பார். அழுக்கு ஒட்டினால், அழுக்கு உள்ளே இருக்கும்படி நாலாக மடித்து, அந்த இடத்துக்குப் பொறுப்பானவள் கையில் மரியாதையாக வைப்பார். "இது உங்களோடது தாயே. துவைச்சு நாளைக்குக் குடுங்க." இதற்குப் பதில் நாலு அறை விட்டிருக்கலாம் என்று தோன்றும்.

அவருடைய பெருமை அந்தச் சார்ட். லேமினேட் செய்து மாப்பு அறைச் சுவரில் மாட்டியிருந்தார். கழிவறைக்குச் சிவப்புத் துணி, வார்டுக்கு நீலத் துணி. ஒரு அறைக்கு ஒரு துணி, அடுத்த அறைக்கு வேறு துணி. இரண்டு வாளி, ஒன்றில் மருந்து, ஒன்றில் அலசும் தண்ணீர், ஒவ்வொரு அறைக்கும் இரண்டையும் மாற்ற வேண்டும். ரத்தம் சிந்தினால் மருந்தை ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டு அப்புறம்தான் துடைக்க வேண்டும். கழிவறைக் கதவுக்குப் பின்னால் இருக்கும் தாளில் ஒவ்வொரு முறையும் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஸ்ட்ரெச்சர் வந்தால் பலகை, வாளி, ஆள் எல்லாம் சுவரோரம் ஒதுங்க வேண்டும்.

நடந்தது என்ன? ஒரு மாடிக்கு இரண்டு பேர். ஒரு வாளி, ஒரு துணி, ஓட்டம். கையெழுத்துத் தாளைச் சாயங்காலம் மொத்தமாகப் போடுவோம். ஒரே மாதிரி தெரியக்கூடாது என்று நீலப் பேனா, கறுப்புப் பேனா மாற்றி மாற்றி. அந்தக் கலையில் நான் கொஞ்சம் தேர்ந்தவள்.

என் மாடியில் என்னோடு இருந்தவர் பரிமளா அக்கா. பதினொரு வருடமாக அங்கே வேலை. பேச்சு நிற்காது. என்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏய் பிகாமு, அந்த வாளியத் தள்ளு. படிச்ச கையாலத் தள்ளு, பாப்போம்." டாக்டர்கள், நர்ஸ்கள், நோயாளிகளைப் பார்க்க வந்தவர்கள், எல்லோரைப் போலவும் நடந்து காட்டுவார். அவர் நடந்து காட்டியதைப் பார்த்தபிறகு நிஜ டாக்டர் வந்தால் சிரிப்பை அடக்குவது தனி வேலை.

ஒரு திங்கட்கிழமை எமர்ஜென்சியில் விபத்துக் கேஸ். ஆள் வராததால் அக்காவுக்கு இரண்டு ஷிஃப்டு. காலையிலிருந்து ரத்தமும் வாந்தியுமாகத் துடைத்தவர், மத்தியானம் மூன்று மணிக்கு, புறநோயாளிகள் ஹாலில் காலியாகக் கிடந்த ஸ்டீல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்ததும் கண் சொருகிவிட்டது. 'பேஷண்ட் சேரில் கிளீனிங் ஆள் தூங்குகிறது' என்று யாரோ போட்டோ எடுத்து ரிசப்ஷனில் காட்டிவிட்டார்கள். நாங்கள் அந்தக் கட்டடத்தில் எங்கேயும் உட்காரக் கூடாது. சாப்பாடு மாடிப்படித் திருப்பத்தில், குந்திக்கொண்டு. நாங்கள் கழுவும் கழிவறைகளை நாங்கள் பயன்படுத்தக் கூடாது. ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் பின்னால் கதவு சரியாக மூடாத ஒன்று இருந்தது, அதுதான்.

ராஜமாணிக்கம் சார் அக்காவை அழைத்து, அதே குரலில், "நாளைலேருந்து வர வேண்டாம் தாயே" என்றார்.

அக்காவின் வீட்டுக்காரர் காந்தி மார்க்கெட்டில் வாழைத்தார் இறக்குபவர். இடுப்பு போனபிறகு தார் தூக்க முடியவில்லை. வீடு அக்காவின் கையில்தான். அன்று சாயங்காலம் ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஸ்ரீரங்கத்துக்கு நாங்கள் இருவரும் ஒன்றாக வந்தோம். காவிரிப் பாலம் வரைக்கும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சரி, வேலைநிறுத்தம் என்று நான் முடிவு செய்தேன். நான் முடிவு செய்தேன் என்பதைக் கவனிக்க வேண்டும். போனில் தொழிலாளர் சட்டம் தேடிப் படித்தேன். நாலு பக்கம் பேச்சு எழுதினேன். பாலக்கரை மும்தாஜ் அக்கா, எமர்ஜென்சி வார்டு அவருடையது, அவர் சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள். அவரிடம் போனேன். பதினான்கு பேரும் ஒப்புக்கொண்டார்கள். அடுத்த செவ்வாய், காலை ஏழு மணி. ஒருத்தரும் மாப்பைத் தொடக்கூடாது. கையைக் கட்டிக்கொண்டு மாப்பு அறை முன் நிற்போம். பரிமளா அக்காவைத் திரும்பக் கூப்பிடும் வரை.

அன்று முதல் பஸ்ஸைப் பிடித்து ஆறேகாலுக்கே போய்விட்டேன். ரிசப்ஷன் தரை பளபளத்தது. படியேறினேன். முதல் மாடி பளபளத்தது. இரண்டாம் மாடியில் மருந்து வாசனை. மாப்பு அறைக்கு ஓடினால் அங்கே மும்தாஜ் அக்கா கையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"என்னக்கா இது?"

"ஐசியூ வாசல்ல ரத்தம் கெடந்துச்சும்மா. அத அப்படியே போட்டுட்டுக் கையக் கட்டிக்கிட்டு நிக்கச் சொல்றியா? அல்லாவுக்கே அடுக்காது. அத மட்டுந்தான் தொடச்சேன்."

"அத மட்டுமா?"

"அப்புறம் பக்கத்துல கொஞ்சம்."

விசாரித்தால், பதினான்கு பேரும் ஐந்து மணிக்கே வந்திருந்தார்கள். ஒவ்வொருத்தியும் 'மத்தவங்க செய்ய மாட்டாங்க, என் இடத்தை மட்டும் யாருக்கும் தெரியாம முடிச்சிட்டு ஸ்ட்ரைக்ல நிப்போம்' என்று நினைத்துக்கொண்டு தனித்தனியாக வந்து, மொத்த ஆஸ்பத்திரியையும் துடைத்து முடித்துவிட்டார்கள். ஏழு மணிக்கு எல்லோரும் மிகுந்த ஆவேசத்துடன் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். யாரும் கவனிக்கவில்லை. கவனிக்க எதுவும் இல்லை.

எட்டு மணிக்கு ராஜமாணிக்கம் சார் வந்தார். கைக்குட்டையை அங்கங்கே இழுத்தார். எங்களைப் பார்த்தார். "பிரமாதம் தாயே! வேலையை முடிச்சிட்டு வரிசையா நிக்கிறீங்க பாருங்க, இதுதான் டிசிப்ளின்" என்று சொல்லி எல்லோருக்கும் டீயும் பன்னும் வரவழைத்தார்.

என் நாலு பக்கப் பேச்சை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு பன்னைத் தின்றேன். இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஆறேகாலுக்கு வந்த நானும், லிஃப்ட் பட்டன்களில் கைரேகை இருக்கிறதே என்று துடைத்துவிட்டுத்தான் நின்றேன்.

அதற்குள் பரிமளா அக்கா ஸ்ரீரங்கத்தில் ஒரு லாட்ஜில் ரூம் சுத்தம் செய்யச் சேர்ந்திருந்தார். போய்ச் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டது. "பிகாமு, ஸ்ட்ரைக்கு பண்ணி டீ வாங்கிக் குடிச்ச சங்கம் உலகத்துலயே நீங்கதான்டி!" சிரித்து முடித்ததும் சட்டென்று, "இனிமே அங்க வர்றதெல்லாம் நடக்காது, விடு" என்றார். அதையும் சிரித்த குரலிலேயே சொன்னதுதான் எனக்குத் தைத்தது.

இந்த நிலையில்தான் ஆய்வு அதிகாரி வந்தார். மஞ்சள் பலகை. இதையே தினமும் செஞ்சாப் போதும்.

அன்று மத்தியானம் படித் திருப்பத்தில் சோற்றுத் தூக்கைத் திறந்தவுடன் சொன்னேன். "நம்மால வேலைய நிறுத்த முடியாது. அது தெரிஞ்சு போச்சு. வேலையச் செய்வோம். சார்ட்டுல உள்ளபடி, ஒரு வரி விடாமச் செய்வோம்."

மும்தாஜ் அக்கா மென்றுகொண்டே யோசித்தார். "இது ஏமாத்து இல்லையே?"

"இது வரைக்கும் செஞ்சோமே, அதுதான்க்கா ஏமாத்து."

"நோயாளிக்கு ஒண்ணும் ஆகக்கூடாது."

"ஸ்ட்ரெச்சர் வந்தா ஒதுங்கணும்னு சார்ட்லயே இருக்கு."

"அப்பச் சரி. இன்ஷா அல்லாஹ், நாளைக்கு."

அந்த ஐந்து நாட்கள்தான் என் சர்வீசில் நான் நிஜமாகத் துப்புரவு வேலை செய்த நாட்கள். அறைக்கு ஒரு துணி. வாளித் தண்ணீரை மாற்ற ஒவ்வொரு முறையும் கீழ்த்தளத்துக்குப் போய் வர வேண்டும். வராண்டாவில் பாதி துடைத்து, பலகையை வைத்து, பக்கத்தில் நின்று, காயும் வரை காத்திருந்தோம். ஐப்பசி மாத ஈரத்தில் தரை என்ன வெயிலிலா கிடக்கிறது, காய! டிஸ்சார்ஜ் ஆன அறையை அடுத்த நோயாளிக்குக் கொடுக்க முன்பெல்லாம் பத்து நிமிடம். இப்போது முக்கால் மணி நேரம். ரிசப்ஷனில் அட்மிஷன் வரிசை வாசல் வரை நீண்டது. பெரிய சர்ஜன் ஒருவர் பலகைக்கு அந்தப் பக்கம் நின்று, "காஞ்சிருச்சாம்மா?" என்று கேட்டார். "இன்னும் ரெண்டு நிமிஷம் சார்" என்றேன். நின்றார்! வாழ்க்கையில் எனக்காக ஒருவர் நின்றது அதுதான் முதல் தடவை.

தொட்டியத்திலிருந்து மாமியாரைச் சேர்த்திருந்த ஒரு அம்மா மட்டும், "இப்பத்தாங்க இது ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு" என்றார். கதவுக்குப் பின்னால் தாளில் நிஜ நேரம் எழுதி நிஜக் கையெழுத்துப் போட்டோம். ஒரே பேனா.

இரண்டாம் நாள் ராஜமாணிக்கம் சார் என் மாடிக்கு வந்தார்.

"என்ன தாயே நடக்குது இங்க?"

"சார்ட்டுல உள்ளபடி செய்யறோம் சார்."

அவர் குனிந்து கட்டிலுக்கு அடியில் கைக்குட்டையை இழுத்தார். வெள்ளையாகவே வந்தது. ஜன்னல் விளிம்பு. வெள்ளை. கதவின் மேல்சட்டம். வெள்ளை. யார் கையிலும் வைக்க முடியாமல் அதை மடித்துத் தன் பையிலேயே போட்டுக்கொண்டார். மாப்பு அறைக்குப் போய்ச் சார்ட்டின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"ஏழு நாள் உக்காந்து எழுதினேன் இத" என்றார், எங்களைப் பார்க்காமல். "ஒருத்தரும் படிக்கலைன்னு நெனச்சேன்."

எனக்கு ஒரு நிமிடம் பாவமாகிவிட்டது. அவர் திரும்பினார். "சரி, சார்ட் படியே செய்யணும்னா ஒரு மாடிக்கு எத்தனை பேர் வேணும்?"

"கடைசி வரியில நீங்களே போட்டிருக்கீங்க சார். நாலு பேர்."

படித்தார். அவர் எழுத்துதான். "போட்டிருக்கேன்" என்றார்.

"ரெண்டு பேர்தான் சார் இருந்தோம். இப்ப என் மாடியில நான் மட்டும். பரிமளாக்கா இல்ல."

அவர் படியிறங்கிப் போனார். ஆனால் அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி நிர்வாகத்திடம் அவர் கொடுத்த கடிதத்தில், 'வேலை முறைப்படி நடக்கிறது, ஆட்கள் போதாது' என்று எழுதியிருந்தாராம். எங்கள் மேல் குற்றம் சொல்லியிருந்தால் எங்கள் கதி அன்றோடு முடிந்திருக்கும். தன் சார்ட்டைத் தப்பு என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஐந்தாம் நாள் நிர்வாக அதிகாரி மேடம் கூப்பிட்டு அனுப்பினார். நானும் மும்தாஜ் அக்காவும் போனோம். "உக்காருங்க" என்றார் மேடம். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்தக் கட்டடத்தில் யாரும் எங்களிடம் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. மும்தாஜ் அக்கா நாற்காலியின் நுனியில், எந்த நிமிடமும் எழுந்து துடைக்கத் தயாராக, உட்கார்ந்தார்.

"என்னதான் வேணும் உங்களுக்கு?"

நான் கோரிக்கைத் தாளை எடுப்பதற்குள் மும்தாஜ் அக்கா சொல்லிவிட்டார். "மொதல்ல பரிமளா வரணும் மேடம். அப்புறம் மத்ததப் பேசுவோம்."

"அவங்க பேஷண்ட் சேர்ல தூங்கினாங்க."

"ஆமாங்க. எங்களுக்குன்னு ஒரு சேர் இருந்திருந்தா அங்க தூங்கியிருப்பா."

மேடம் சிரிக்கக் கூடாது என்று நினைத்தார். முடியவில்லை.

பரிமளா அக்காவுக்குத் திரும்ப வேலை. கீழ்த்தளத்தில் ஒரு அறை, இரண்டு பெஞ்சு, உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடிய கழிவறை. மாடிக்கு மூன்று பேர்; நாலு அல்ல. என்ன பிடித்தார்கள் என்று காட்டும் சம்பளச் சீட்டு. அரசு சொன்ன குறைந்தபட்சக் கூலி உடனே வரவில்லை. அதற்கு ஒரு தொழிற்சங்கத்தில் சேர்ந்து, கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டு, அடுத்த தீபாவளிக்குத்தான் முழுதாக வந்தது. அக்கா முதல் நாள் வந்து இறங்கியதும் கேட்ட கேள்வி: "என் மாப்ப எவடி எடுத்தா?"

எனக்கும் ஒரு பரிசு கிடைத்தது. கூலி விவகாரம் முடிந்த கையோடு கம்பெனி என்னை மண்ணச்சநல்லூரில் ஒரு அரிசி ஆலை ஆபீசுக்கு மாற்றியது. தவிட்டுத் தூசி துடைத்த கை எடுப்பதற்குள் அதே இடத்தில் விழும். அங்கே சார்ட்டும் இல்லை, சேர்ந்து நிற்க ஆளும் இல்லை. ஒரு மாதத்தில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டேன். அதுதான் என் பணி ஓய்வு. இப்போது சாயங்காலத்தில் திருவானைக்காவலில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை, மற்ற நேரம் சங்க வேலை.

உண்மையில் ஓய்வெடுக்க விடாதது பரிமளா அக்காதான். திரும்ப வேலை கிடைத்த அன்றே அவருக்கு முகம் பாதிதான் மலர்ந்தது. "அந்த லாட்ஜுல என்கூட லலிதான்னு ஒருத்தி இருந்தா பிகாமு. நான் சொல்லாமக் கொள்ளாம வந்துட்டேன். இப்ப ரெண்டு ஆள் வேலையையும் அவதான் பாக்குறா. நாள் முழுக்கக் கட்டில் விரிக்கிறா, ஒரு கட்டில்ல உக்கார முடியுமா அவளால?" இதையே மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்.

போய்ப் பார்த்தோம். ஸ்ரீரங்கத்து லாட்ஜுகள் வேறு மாதிரி. ஒவ்வொன்றிலும் ஒருத்தி, இரண்டு பேர். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. ரூம் எப்போது காலியாகும் என்று நேரம் கிடையாது, ஆகவே கூடிப் பேச நேரமும் கிடையாது. மானேஜர்கள் முன்வாசலில் எங்களை நிற்க விடுவதில்லை. எந்தச் சுவரிலும் சார்ட் இல்லை. இங்கே என் பழைய யோசனை ஒன்றும் செல்லாது.

ஆனால் எல்லா லாட்ஜிலும் அழுக்குப் பெட்ஷீட் உண்டு. அத்தனையும் ஒரே லோடு ஆட்டோவில், கொள்ளிடக் கரையில் ஒரே சலவைக்காரரிடம்தான் போகிறது. ஆட்டோ ஒவ்வொரு பின்வாசலிலும் நிற்கும். மூட்டையை எடுத்துக்கொண்டு வெளியே வருபவள் அந்தந்த லாட்ஜின் துப்புரவுப் பெண். மூட்டை ஏற்ற இரண்டு நிமிடம். அவளிடம் சங்கம் பற்றிப் பேச அந்த இரண்டு நிமிடமும் எங்களுடையது. எங்களை ஏற்றிக்கொள்ள ஆட்டோ ஓட்டும் பாபு அண்ணன் முதலில் மறுத்தார். பரிமளா அக்கா அவர் வண்டி ஓட்டுவதை அவருக்கே நடித்துக் காட்டியதும் ஒப்புக்கொண்டார்.

நாளை வியாழக்கிழமை, அக்காவுக்கு வாராந்திர லீவு. காலை பத்து மணிக்கு முதல் ட்ரிப். அக்கா முன்னால் பாபு அண்ணன் பக்கத்தில். நான் பின்னால், மூட்டைகளின் மேல். பதினெட்டு பின்வாசல். முதலில் லலிதாவின் லாட்ஜ்.